ஒரே புடவையில் வெட்டிய கொடிகள்

எண்ணூருக்குப் போகிறேன் என்றதும் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் வாழ்த்தத் தோன்றவில்லை. சிங்கப்பூர் போன கணக்கு டீச்சருக்குக் கேக் வெட்டி வழியனுப்பியவர்கள் எனக்கு ஒரு மாஸ்க் கொடுத்தார்கள். அங்கே சாம்பல் பறக்குமாம். கோயம்புத்தூர்க்காரிக்குச் சிங்கப்பூர்கூடப் பக்கம்தான், எண்ணூர்தான் வெளிநாடு. ஐந்து வருடம் சென்னையில் விடுதியில் தங்கி ஓவியக் கல்லூரியில் படித்தவள் நான். அந்த ஐந்து வருடத்தில் சென்ட்ரலுக்கு வடக்கே ஒரு தடவைகூடப் போனதில்லை.

இப்போதும் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு கையெழுத்து வாங்கப் போனேன். அந்தக் கையெழுத்து கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன்.

விஷயம் இதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓர் ஓவியப் பாடநூல் எழுதினேன். கோடு, வடிவம், நிறம், வெளிச்சம், இடைவெளி இவையெல்லாம் எழுத்துகள், இவற்றைக் கோத்தால் படம் பேசும், அந்தப் பேச்சைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் நூலின் சாரம். ஏழு மாதம் உட்கார்ந்து பத்துப் பாடம் எழுதினேன். பதிப்பகத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் அகிலா என்கிற பெண், ஒன்பது பாடங்களை வைத்துக்கொண்டு முதல் பாடத்தை மட்டும் திருப்பி அனுப்பினாள். அதைப் படித்தால் தனக்கே கொட்டாவி வருகிறது என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் தேசராணி ஐந்து நிமிடம் பேசி ஒரு குரல் பதிவு போட்டிருந்தாள். தேசராணி என் வகுப்புத் தோழி, நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். கடலில் போடும் வலைக்கு அடையாளமாகக் கட்டுகிற கொடிகளைத் தான் எப்படி வெட்டுகிறேன் என்று அதில் சொல்லியிருந்தாள். என்னோடு படித்தவள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாள் பார் என்று கேலியாக ஒரு வரி சேர்த்து அதை அகிலாவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அகிலா கூப்பிட்டாள். முதல் பாடம் இதுதான், இவர் சொன்னபடியே கொடிப் படங்களோடு போடலாம், அட்டையில் இவர் பெயரும் வரட்டும், நீங்களே நேரில் போய்ச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றாள்.

என் ஏழு மாதத்துக்கு ஒரு பெயர், அவளுடைய ஐந்து நிமிடத்துக்கும் ஒரு பெயர். பொறாமை என்று நாகரிகமாகச் சொல்லலாம். எனக்கு வந்தது சுத்தமான வயிற்றெரிச்சல்.

அது புதிதாக வந்ததும் இல்லை. கல்லூரியில் நான் மூன்று நாள் உழைத்து நிழலும் வெளிச்சமும் தீட்டிய படத்தை ஆசிரியர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போவார். தேசராணி பென்சிலை எடுத்து நாலு கோடு இழுப்பாள், அவர் அங்கேயே நின்றுவிடுவார். ஒரு வருடம் முழுக்க அவளுடைய கோட்டோவியம் ஒன்று வகுப்புச் சுவரில் தொங்கியது. படிப்பு முடிந்ததும் அவள் ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு வரைவதை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, அய்யோ பாவம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். ஓட்டுநருக்கு இரண்டு பக்கமும் ஆள், பின்னால் ஏழு பேர், என் காலடியில் ஓர் அலுமினியக் கூடை நிறைய மீன். கூடைக்கார அம்மா தன் பையை என் மடியில் வைத்துவிட்டுத்தான் நான் யார் என்று கேட்டார். எங்கள் ஊரில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கை பட்டால்கூட ‘ஸாரிங்க’ என்போம்.

எர்ணாவூர் தாண்டியதும் வண்டி நின்றது. முன்னால் கண்ணுக்கு எட்டியவரை கன்டெய்னர் லாரிகள். ஒரு லாரியின் கிளீனர் கீழே இறங்கி, எங்கள் ஓட்டுநரைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். இவர் உடனே இன்ஜினை அணைத்தார். முக்கால் மணி நேரம் நகராது என்று அதற்கு அர்த்தமாம். சொன்னபடியே முக்கால் மணி நேரம் நகரவில்லை. வெயிலும் மீன் வாசமும் டீசல் புகையும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டன. மாஸ்க்கை எடுத்து மாட்டினேன். கூடைக்கார அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, யார் வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டார். நெட்டுக்குப்பம் தேசராணி வீட்டுக்கு என்றேன்.

“யாரு, கொடி வெட்ற தேசராணியா?” என்றார். ஆட்டோவில் இருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று சொன்னார், பின்னால் இருந்தவர் அந்தச் சந்து வேண்டாம், தண்ணீர் நிற்கும் என்றார். இருபது வருடமாக ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். என் வீட்டு எதிர்வீட்டுக்காரர் என்னைத் தையல் டீச்சர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தேசராணி வாசலிலேயே நின்றிருந்தாள். உடம்பு பெருத்திருந்தது, முடி நரைத்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

“இன்னா சாந்தாமணி, இப்பத்தான் வயி தெரிஞ்சுதா?” என்றாள்.

படிக்கிற காலத்தில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் என்னைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் தலைவலி என்று சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

உள்ளே போனதும் என் கண் நேராகச் சுவருக்குப் போனது. ஒரு கடிகாரம், ஓர் அம்மன் காலண்டர், அவ்வளவுதான். அவள் வரைந்த படம் ஒன்றுகூட இல்லை. நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். கானாங்கெளுத்திக் குழம்பு. புளியும் மிளகாயும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு நாக்கில் இறங்கின. அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த வாய் என்னுடையது. கண்ணில் தண்ணீர் வழிய மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். அவள் புருஷன் மோகன் என் தட்டைப் பார்த்து, பரவாயில்லை, நம்ம ஆளுதான் என்று அவளிடம் சொன்னார். அவர் ஃபைபர் படகு வைத்து மீன் பிடிப்பவர். சாப்பிட்டு முடித்த கையோடு வலை சரிபார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். மூங்கில் கழிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள், பக்கத்தில் தெர்மோகோல் மிதவைகள், மூட்டை மூட்டையாகப் பழந்துணி. வலையைக் கடலில் இறக்கிவிட்டு, அதன் முனையில் மிதவையோடு ஒரு கழியைக் கட்டிவிடுவார்கள். கழி உச்சியில் கொடி நிற்கும். மறுநாள் போய் அந்தக் கொடியைப் பார்த்துத்தான் தன் வலை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முன்பெல்லாம் அவரவர் வீட்டுப் பழைய புடவையைக் கிழித்து அவரவர் கட்டிக்கொண்டார்கள். நீலம் இவர் வீடு, மஞ்சள் அவர் வீடு என்று எல்லோருக்கும் தெரியும்.

அதில்தான் ஒரு கூத்து நடந்திருக்கிறது. மோகனின் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி புடவை எடுத்தார்கள். கிளிப்பச்சை, ரோஸ் கரை. குப்பத்தில் பாதி வீட்டார் அவர்களுக்கு உறவு. போட்டோவில் அவ்வளவு அழகாக இருந்ததாம். இரண்டு வருடம் கட்டிய பிறகு எல்லாப் புடவையும் ஒரே சமயத்தில் நைந்தன. நைந்த புடவை எங்கே போகும்? ஒரே மாதத்தில் அத்தனை வீட்டுக் கழியிலும் கிளிப்பச்சைக் கொடி ஏறிவிட்டது. அண்ணன் வலையைத் தம்பி இழுத்தார், மாமன் வலையை மருமகன் இழுத்தார். திருடினான் என்ற வார்த்தை ஒரு வீட்டில் கிளம்பி எல்லா வீட்டுக்கும் போனது. கூடப் பிறந்தவர்கள் பேசிக்கொள்ளவில்லை. நிச்சயம் செய்த ஒரு கல்யாணம் நின்றது.

“எல்லாம் புதுத் துணி வாங்கிக் கட்டுங்கன்னு சொன்னாங்க. நான்தான் துணி இன்னா பண்ணுச்சு, கத்திரிய குடுன்னேன்” என்றாள் தேசராணி.

அதே கிளிப்பச்சைத் துணிதான். ஒரு வீட்டுக்கு முனையில் இரண்டாகப் பிளந்து வால் விட்டாள். ஒரு வீட்டுக்கு நடுவில் கை நுழைகிற அளவு ஓட்டை. ஒரு வீட்டுக்கு மூன்று நாடா. ஒரு வீட்டுக்கு மேலே ஒரு சின்னத் துண்டு, கீழே ஒரு பெரிய துண்டு, நடுவில் வெறும் கழி. ஒவ்வொன்றையும் வெட்டி, தெருக்கோடியில் ஓர் ஆளை நிற்க வைத்து, தெரிகிறதா என்று கேட்டாள். தெரியாததைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வெட்டினாள்.

“கலரு கிட்ட வந்தாத்தான் தெரியும். தூரத்துல எல்லாத் துணியும் கறுப்புதான். வெட்டு மட்டும்தான் கண்ணுல நிக்கும். ஓட்டைல வானம் தெரியுது பாரு, துணியவிட அதுதான் மொதல்ல தெரியும்” என்றாள்.

நிறத்துக்கு முன் வடிவம், வடிவத்துக்குள் வெற்றிடம் என்று இதையே என் முதல் பாடத்தில் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். அடிக்குறிப்புகூட உண்டு. அவள் சொன்னபோது பின்வீட்டு வேலியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணியும் தலையாட்டினார். நான், நல்லா இருக்குது புள்ள என்று தேசராணியிடம் சொல்லிவிட்டு, கொசு கடிக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். கடிதம் கைப்பையிலேயே இருந்தது.

சனிக்கிழமை மிதவையும் கழியும் வாங்கக் காசிமேட்டுக்குப் போனோம். போகிற வழியெல்லாம் தேசராணிக்கு ஆள் தெரிந்திருந்தது. துறைமுகத்தில் ஒரு படகுக்காரர் அவளை நிறுத்தி, தங்கள் பக்கத்து ஆட்கள் நாலு பேருக்கும் கொடி வெட்டித் தரவேண்டும் என்று கேட்டார். அவள் முதலில் அந்த நாலு பேரும் எந்தத் திசையில் வலை போடுகிறார்கள், காலையில் சூரியன் அவர்களுக்கு முன்னால் இருக்குமா பின்னால் இருக்குமா என்று விசாரித்தாள். நான் பத்து வருடமாகக் கண்காட்சிகளுக்குப் படம் அனுப்புகிறேன். அதை மாட்டுகிற சுவரில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஒரு தடவையாவது கேட்டேனா என்று யோசித்தேன். கேட்டதில்லை. அதற்கும் அவள்மேல்தான் எரிச்சல் வந்தது.

ராயபுரத்தில் ஒரு தள்ளுவண்டியில் அத்தோ வாங்கிக் கொடுத்தாள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையால் பிசைந்து கொடுக்கிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். கையால் பிசைவதைப் பார்த்ததும் வேண்டாம் என்றேன். பிறகு அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தேன். பிறகு எனக்கென்று ஒரு தட்டு கேட்டேன். எங்கள் ஊர்க் காளான் மசாலாவைப் பற்றி இனிமேல் பெருமை பேசமாட்டேன்.

திரும்பி வரும்போது பத்தடி மூங்கில் கழிகளோடு எங்களை ஒரு பஸ்ஸும் ஏற்றவில்லை. ஆட்டோக்காரர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஐஸ் இறக்கிவிட்டு எண்ணூருக்குத் திரும்பிய ஒரு குட்டியானை வண்டி கிடைத்தது. பின்னால் ஈரமான தார்ப்பாயில் உட்கார்ந்து, கழிகளைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தோம். என் சுங்குடிப் புடவை இடுப்புவரை நனைந்தது. அப்போது பார்த்து அகிலா கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை தேசராணி, யார் அது விடாமல் கூப்பிடுவது, வீட்டில் ஏதாவது அவசரமா என்று கவலையாகக் கேட்டாள்.

இதற்குமேல் மறைக்க முடியவில்லை. கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கழியை முட்டியில் இடுக்கிக்கொண்டு முழுவதும் படித்தாள். சந்தோஷத்தில் துள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன், அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது என்றும் தெரியும். அவள் துள்ளவில்லை.

“பேரு வர்றது ஷோக்காத்தான் கீது. ஆனா கொடி என்னுது இல்லயே, சாந்தாமணி. நான் வெட்னேன், அவ்ளோதான். ஓட்டை ஒரு வூட்டுது, வாலு ஒரு வூட்டுது. நாளைக்கு ஊர்க்கூட்டம் கீது. அவங்க சரின்னா நான் போட்டுத் தரேன். நீயே வந்து கேளு, நீ டீச்சரு, நல்லா சொல்லுவ” என்றாள்.

ஒரு பெயருக்காக நான் ஏழு மாதம் முதுகு ஒடிய உழைத்திருக்கிறேன். இவள் அதை ஊரைக் கேட்டுத்தான் எடுத்துக்கொள்வாளாம். அன்று மாலை உட்கார்ந்து கூட்டத்தில் பேசுவதற்கு ஒரு துண்டுத் தாளில் எழுதினேன். உங்கள் கொடிகளைப் பார்த்துப் பட்டணத்துப் பிள்ளைகள் படம் படிக்கக் கற்றுக்கொள்வார்கள், இப்போது நீங்கள் கட்டியிருக்கிற கொடிகளைக் காட்டாமல் யாரும் இப்போது கட்டாத பழைய வெட்டுகளை மட்டும் போடுகிறோம், அனுமதி தருவீர்களா என்று மூன்றே வரி. எழுதியது நன்றாக இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைக் கருங்கற்கள்மேல் போய் உட்கார்ந்தோம். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் முகத்துவாரம், பின்னால் மின்நிலையத்துச் சிம்னிகள். மோகனின் படகு வெளியே போயிருந்தது. மீனவர்கள் கடலில் நின்று கரையைப் பார்த்து, ஒரு சிம்னிக்குப் பின்னால் இன்னொரு சிம்னி மறைகிற இடம் எது என்று கணக்கு வைத்துக்கொண்டு, அந்த நேர்கோட்டில் வலை போடுவார்களாம். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும் என்பது என் நூலில் ஆறாம் பாடம். சிம்னியைக் கட்டியவர்கள் கரையில் இருப்பவர்களுக்குக் கொடுத்தது சாம்பல்தான் என்று தேசராணி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

பிறகு கடலைக் காட்டி, அதோ வால், அது என் நாத்தனார் வீடு, அதற்குப் பக்கத்தில் ஓட்டை, அது ஊர்த்தலைவர் வீடு, அங்கே மூன்று நாடா என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு வெறும் புள்ளிகள் தெரிந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டும் புள்ளிகள்தான். எங்களுக்கு இரண்டு கருங்கல் தள்ளி மீன் வாங்கக் காத்திருந்த பாட்டியம்மா ஒருவர், அவள் சொல்வதற்கு முன்பே அடுத்த வீட்டின் பெயரைச் சொன்னார். நான் வரைந்த எதையும் இவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு ஆசையாக யாரும் தேடியதில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் என் படங்களைப் பார்த்து, சூப்பர் என்பார்கள், அடுத்த வார்த்தை காபி நன்றாக இருக்கிறது என்பதாக இருக்கும்.

நாலரை மணிக்குக் கோயில் முன்னால் கூட்டம் சேர்ந்தது. ஆண்கள் பாயில் உட்கார்ந்தார்கள், பெண்கள் பந்தல் ஓரமாக. வேறு இரண்டு பேச்சு முடிந்த பிறகு, தலைவர் என்னைக் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும், நிதானமானவர். நாற்காலி போடச் சொன்னார், சோடா கொடுக்கச் சொன்னார். பிறகு எல்லோரையும் பார்த்து, நம்ம தேசராணி பேரு புத்தகத்தில் வரப்போகிறது, அதைப் பற்றித்தான் டீச்சர் பேசுவார் என்றார். பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். அவள் தலையைக் குனிந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. துண்டுத் தாள் என் கையில்தான் இருந்தது. மடித்துக் கைப்பையில் போட்டேன்.

“காட்சித் தொடர்பியலின் அடிப்படைக் கூறுகளை வட்டாரப் பயன்பாட்டுக் குறியீடுகளின் வழியாக அணுகும் ஒரு பாடத்திட்ட முயற்சிக்கு உங்கள் ஒப்புதலைக் கோருகிறேன்” என்று ஆரம்பித்தேன்.

நிறுத்தவில்லை. நேர்மறை வடிவம், எதிர்மறை வெளி, உருவ-பின்புல முரண் என்று அடுக்கினேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொஞ்சம் புரிகிற மாதிரி சொல்லும்மா என்றார். அதையே இன்னும் கடினமாகச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் புரியாததைப் புரியவைப்பது என் தொழில். புரிவதைப் புரியாமல் ஆக்குவது அதைவிடச் சுலபமாக வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், கொடியைப் புத்தகத்தில் போட்டால் வெளியூர்க்காரன் பார்த்துவிட்டு நம்ம வலையை இழுத்துவிட மாட்டானா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் என் பையில் மடித்த தாளில் இருந்தது. பாடநூல் என்பது பொதுப் பரவலுக்கு உட்பட்ட ஆவணம் என்று சொன்னேன்.

தலைவர் பக்கத்தில் இருந்தவர்களோடு தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தப்பா நெனச்சுக்காதம்மா. நீ பெரிய படிப்பு படிச்சவ. நீ சொல்றது ஒண்ணுமே எங்களுக்குப் புரியல. புரியாததுக்கு எப்படி சரின்னு சொல்றது? வேணாம்மா, உட்டுடு” என்றார்.

நான் கும்பிட்டேன். சோடாவைக் குடித்து முடித்தேன். தேசராணி பெண்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, எனக்குப் பிடிக்கும் என்று இறால் தொக்கு செய்தாள். நான் நினைத்தது நடந்துவிட்டது, சந்தோஷமாகச் சாப்பிடலாம். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. காரம் என்று சொன்னேன். தயிர் கொண்டுவந்து ஊற்றினாள்.

திங்கட்கிழமை காலை எண்ணூர் ஸ்டேஷனுக்கு என் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். நடைமேடையை ஒட்டி நிலக்கரி ரயில் ஒன்று போய் முடிய வெகுநேரம் ஆயிற்று. அதன் சத்தம் அடங்கியதும், என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“நேத்து நீ பேசினது எனக்குப் புரிஞ்சுது, சாந்தாமணி. அஞ்சு வருசம் உன்கூடப் படிச்சவதானே. நான் எழுந்து நம்ம பாஷைல ரெண்டு வார்த்த சொல்லியிருந்தா ஒத்துகினு இருப்பாங்க. உனுக்கு இஷ்டமில்லன்னு தெரிஞ்சிது. அதான் உட்டுட்டேன்.”

பையைத் திறந்து கடிதத்தைத் தேடினேன். இப்போதே போய்த் தலைவரைப் பார்க்கலாம், சரியாகச் சொல்கிறேன் என்றேன். ஊர் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான், திரும்பப் போய்க் கேட்டால் தலைவருக்கு மரியாதை இல்லை என்றாள். கடிதத்தை வாங்கி, மடிப்பு கலையாமல் திரும்ப என் பைக்குள் வைத்தாள்.

மின்சார ரயில் வந்தது. பெண்கள் பெட்டியில் என்னை ஏற்றிவிட்டு, சன்னலுக்கு வெளியே நின்றாள்.

“உன் பாடத்தையே போடு. ஆனா நேத்து பேசின மாதிரி மட்டும் எழுதாத. புள்ளைங்க பாவம்” என்றாள்.

ரயில் கிளம்பியது. அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, பழைய கணக்கையெல்லாம் அன்றோடு முடித்திருப்பேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. தன் பெயர் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, முகம் தெரியாத பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. அப்படி இருக்க முடிகிறதே என்று அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

தண்டையார்பேட்டை வரும்போது அகிலா கூப்பிட்டாள். இந்த முறை எடுத்தேன். ஊர் மறுத்துவிட்டது என்றேன். ஏன் என்று கேட்டாள். நான் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை என்றேன். நீங்கள் ஆசிரியை ஆயிற்றே, எப்படிப் புரியாமல் போகும் என்றாள். புரியக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றேன்.

அகிலா, அப்படியானால் முதல் பாடம் உங்களுடையதுதான் மேடம், வேறு வழியில்லை என்றாள். ஏழு மாதமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. சரி என்று வைத்துவிட்டு, கொருக்குப்பேட்டை தாண்டும்வரை, கூட்டத்தில் படிக்காத அந்த மூன்று வரியைப் பையிலிருந்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.